முன்னால் போன முதுகு

இது நடந்தது. கட்டுக்கதை கேட்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தையலக்காவின் எதிரில் நின்று "உங்களுக்கு ஏதோ பிரமை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் கையில் எந்நேரமும் கத்தரிக்கோல் இருக்கும். மூக்கின் மேல் கோபமும் இருக்கும்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் எங்கள் கடை. புதுத்துணி தைக்கும் கடை அல்ல. தைத்த துணியைத் திருத்தும் கடை. பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. இரண்டு மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, திரை போட்ட ட்ரையல் ரூம், அதற்குள் ஆளுயரக் கண்ணாடி. வாசல் பக்கத்து மெஷினில் தையலக்கா. சுவர் பக்கத்து மெஷினில் நான். பல வருடமாக அவளுடைய கோபம் என் வலது காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தக் கதையும் அதே காதில்தான் விழுந்தது. எத்தனை தடவை சொன்னாலும் ஒரு நூலிழை மாறவில்லை.

கோபமெல்லாம் ஒரே ஆள் மேல்தான். அவளுடைய கணவர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. காலில் சக்கரம் கட்டிய மனிதர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். கல்யாணம் முடிந்து இருவரும் சேர்ந்து மண்டபத்து வாசலுக்கு நடந்தபோதே அவர் நாலு அடி முன்னால் போய், காரில் ஏறி, கதவையும் சாத்திவிட்டார். புதுப் பெண்டாட்டி வெளியே நிற்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் டிரைவர் சொல்லி.

"எட்டு மாச வயித்தோட நடுரோட்டுல நிக்கறேன்டி. ரெண்டு பக்கமும் லாரி. இந்த மனுஷன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து தெருமுனையே தாண்டிட்டாரு" என்பாள்.

ஒரு மழை நாளில் சந்தை வாசலில் வழுக்கி விழுந்தாள். முன்பின் தெரியாதவர்கள் தூக்கிவிட்டார்கள். முழங்காலில் ரத்தத்தோடு நொண்டி நொண்டி வீடு வந்தால், எக்ஸ்பிரஸ் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏன் இவ்ளோ நேரம்?"

சண்டை போட்டால் தொழில் நியாயம் பேசுவார். மீட்டர் பார்க்கப் போகிற வீட்டில் நாய் இருக்கும். பின்னால் குரைத்துக்கொண்டே வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அதற்குத் தைரியம் வந்துவிடும். நேராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியே பழகிவிட்டதாம்.

"அப்போ நான் நாயா?" என்று கேட்டாள் தையலக்கா. அதற்குள் அவர் தெருக்கோடிக்குப் போயிருந்தார்.

அவள் கேட்டது நகை இல்லை, புடவை இல்லை. நடக்கும்போது ஒரே ஒரு தடவை நின்று, திரும்பிப் பார்த்து, "நில்லு, நானும் வரேன்" என்று சொன்னால் போதும். அவ்வளவுதான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

இதற்கிடையில் அவருக்கு அவள் ஒரு சட்டை தைத்தாள். ஆல்டரேஷனில் மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணி. "நான் பார்க்கப் போறது முதுகைத்தானே, அதையாவது லட்சணமாத் தைப்போம்" என்றாள். ஆனால் துணி பற்றவில்லை. முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த ஒட்டில் மட்டும் கட்டங்கள் கொஞ்சம் சாய்ந்து ஓடும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அவள் கண்ணை அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

வலது தோள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பிரஸின் ஆபீஸ்காரர்கள் ஒரு பஸ் பிடித்துக் குடும்பத்தோடு சுற்றுலா கிளம்பினார்கள். அருவிகள் நிறைந்த தேசியப் பூங்கா. விடியும் முன் புறப்பட்டால் மதியம் போய்ச் சேரலாம். சாயங்காலம் ஐந்துக்குத் திரும்பினால் நடுராத்திரிக்கு வீடு. தையலக்கா, எக்ஸ்பிரஸ், அவர்களுடைய மகள் மூவரும் போனார்கள். மகளுக்குப் பதினேழு வயது. நாக்கு அம்மாவுடையது, நடை நல்ல வேளையாக யாருடையதும் இல்லை.

வழியில் டீ குடிக்க பஸ் நின்றது. தையலக்கா பெண்கள் கழிப்பறை வரிசையில் நின்றாள். எக்ஸ்பிரஸ் டீயைக் குடித்தார், பஸ்ஸில் ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார். "எல்லாரும் வந்தாச்சா?" என்று டிரைவர் கேட்டதற்கு முதல் ஆளாக "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொன்னதும் அவர்தான். பஸ் நகர்ந்தது. "அம்மா வரலை!" என்று மகள் அலறிய பிறகுதான் நின்றது. தையலக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். மொத்தப் பஸ்ஸும் சிரித்தது. எக்ஸ்பிரஸும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வெந்த புண்ணில் பாய்ந்த வேல்.

அவள் கத்தவில்லை. அவர் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள். "இன்னைக்கு இன்னொரு தடவை என்னை விட்டுட்டுப் போய்ப் பாருங்க. நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். பெட்டி கட்டிலுக்கு அடியில ரெடியா இருக்கு. மாடி ரூமை அவன் காலி பண்ணி வெச்சிருக்கான். இனி நானாக் கூப்பிட மாட்டேன். நீங்களாத்தான் திரும்பிப் பார்க்கணும்."

"சரி சரி" என்றார் எக்ஸ்பிரஸ், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. பெட்டி நிஜமாகவே கட்டிலுக்கு அடியில் இருந்தது. அன்றைக்கு அவர் ஒரு தடவை திரும்பினால் அந்தப் பெட்டி பிரிக்கப்படும். திரும்பாவிட்டால் பதினெட்டு வருடக் குடித்தனம் அதோடு சரி.

பூங்கா வாசலில் காக்கி உடுப்பில் ஒரு காவலாளி. கழுத்தில் விசில். கும்பலை நிறுத்தி மனப்பாடமாக ஒப்பித்தார். "உள்ளே பூராவும் பலகைப் பாதை. தண்ணிக்கு மேலேயே போகும். பல இடத்துல கைப்பிடி கிடையாது. அஞ்சு மணிக்கு விசில் அடிப்பேன், எல்லாரும் வாசலுக்கு வந்துடணும். பின்னாடியிருந்து யாராவது கூப்பிட்டா சட்டுனு திரும்பாதீங்க. கூப்பிட்டவங்க முன்னாடி வரட்டும்."

பாசி பிடித்த பலகை, திரும்பினால் வழுக்கும். அதற்குச் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எக்ஸ்பிரஸ் இதைக் கேட்கவே இல்லை. அவர் எப்போதோ உள்ளே போய்விட்டார்.

முதல் அருவிக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. மகள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் ரேஸ் ஓடுங்க, நான் வரலை" என்றாள். தையலக்கா தனியாக நடந்தாள். முன்னால் கும்பல். கும்பலுக்கும் முன்னால் நீலக் கட்டம் போட்ட முதுகு.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதை, கீழ்ப் பாதை. நடுவில் பெரிய அருவி, இடி மாதிரிச் சத்தம். கும்பல் கீழ்ப் பாதையில் இறங்கியது. தையலக்கா பிரிவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். மேல் பாதையின் வளைவில் அந்த முதுகு.

பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மனதுக்குள் வசை நிற்கவில்லை. 'மனுஷனா நீ. கட்டினவ செத்தாளா இருக்காளான்னு ஒரு பார்வை உண்டா. உன் அம்மாகூட உன்னை முதுகுப் பக்கமாத்தான் பெத்திருப்பா.' ஒவ்வொரு பலகைக்கும் ஒரு திட்டு. மேல் பாதையில் ஆட்கள் குறைந்தார்கள். எதிரே வந்த ஒரு ஜோடி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. அதன் பிறகு எதிரே யாரும் வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு ஒன்று உறைத்தது. எக்ஸ்பிரஸ் வழக்கமாகக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவார். இன்றைக்குப் போகவில்லை. வளைவுக்கு வளைவு அந்த முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. அவள் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. அவள் நடந்தால் அதுவும் நடந்தது.

'பரவாயில்லையே, பயம் வந்துடுச்சு' என்று நினைத்தாள். கோபத்துக்கு நடுவில் ஒரு சின்ன சந்தோஷம். பெட்டியைப் பிரித்துவிடலாமோ என்றுகூட ஓடியது. அதை இப்போது சொல்லும்போது அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வரும்.

ஆனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. வேகமாக நடந்தாள். அதே தூரம். மெதுவாக நடந்தாள். அதே தூரம்.

அவள் செருப்பு பலகையில் டக்... டக்... என்றது.

அவருடையது சத்தமே போடவில்லை.

சட்டை நனைந்திருந்தது. முதுகோடு ஒட்டி, நீலம் கறுப்பாகத் தெரிந்தது. மழை இல்லை. அருவிச் சாரலும் இங்கே இல்லை. 'குளிச்சாரா? எப்போ?' குளிக்கவே கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது.

மணி பார்த்தாள். நாலு பத்து. நல்ல வெயில். மரங்களுக்கு நடுவே தண்ணீர் பச்சையாகப் பளபளத்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத பகல்.

அப்போது ஒன்று கவனித்தாள்...

அருவிச் சத்தம் இல்லை.

சத்தம் குறையவில்லை. நின்றே போயிருந்தது. பக்கவாட்டில் அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. வெள்ளையாக, முழு உயரத்துக்கு. காதில் மட்டும் எதுவும் விழவில்லை. தன் செருப்புச் சத்தம் மட்டும்.

டக்... டக்...

பாதை முடிந்தது. கடைசியில் ஒரு பலகை மேடை. மூன்று பக்கம் கைப்பிடி. நான்காவது பக்கம், அருவியைப் பார்த்த பக்கம், திறந்து கிடந்தது. அந்த விளிம்பில், கால் நுனி வெளியே நீட்டியிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தையலக்கா மேடையின் இந்தப் பக்கத் தூணைப் பிடித்தபடி நின்றாள். இனிப் போக வழியில்லை. அவர் திரும்பித்தான் ஆக வேண்டும். காத்திருந்தாள்.

அவர் திரும்பவில்லை.

பதினெட்டு வருடக் கோபமும் தொண்டைக்கு வந்துவிட்டது. தலைக்கு மேல் போன வெள்ளத்தில் சாண் என்ன, முழம் என்ன. சபதமாவது ஒன்றாவது. வாயைத் திறந்தாள்.

"ஏங்க!"

அசைவில்லை.

"உங்களைத்தான். திரும்புங்க. என் மூஞ்சியைப் பார்த்தா அப்படி என்ன கேடு? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க!"

தோள் அசைந்தது.

திரும்பத் தொடங்கியது. மெதுவாக. ரொம்ப மெதுவாக.

தையலக்காவுக்கு அழுகை முட்டியது. எத்தனை நாள் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணில் அந்த ஒட்டு பட்டது. சாய்ந்து ஓடும் கட்டங்கள். உள்ளங்கை அகலம். அவள் போட்ட அதே தையல்.

இடது தோளில்.

எங்கள் கடையின் ட்ரையல் ரூம் கண்ணாடியில் நாள் முழுக்க ஆட்களைப் பார்ப்பவள் அவள். சட்டைப் பையை வலது பக்கம் தைத்திருந்தால் கண்ணாடியில் இடது பக்கம் தெரியும். யோசிக்கவே வேண்டியதில்லை. கை பழகிய விஷயம்.

தண்ணீரில் விழுந்த நிழலும் அப்படித்தான் தெரியும்.

இது அவர் இல்லை...

அது இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. காது தெரிந்தது. காதிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதுக்கு அடுத்து கன்னம் வர வேண்டும்.

வரவில்லை.

முடி வந்தது. ஈரமான, சீவாத, பின்னந்தலை முடி.

அவள் பார்த்தது முதுகுதானே. இத்தனை வருடம் பார்த்தது முதுகை மட்டும்தானே. அதற்கும் முதுகு மட்டும்தான் இருந்தது. அந்தப் பக்கமும். இந்தப் பக்கமும்.

அது ஓர் அடி வைத்தது.

அவளை நோக்கி.

"திரும்பாதே!"

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் கத்தினாள். "திரும்பாதே! போ! எனக்கு நீ வேண்டாம்! அப்படியே போய்த் தொலை! திரும்பாதே!"

தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முகத்துக்குப் பக்கத்தில் ஈர வாடை. பாசி வாடை. குளிர்ந்த துணி ஒன்று கன்னத்தை உரசியது.

பிறகு... ஒரே அடியாக அருவிச் சத்தம் திரும்பி வந்தது.

கண்ணைத் திறந்தாள். மேடை காலி. பலகையில் ஈரத் தடங்கள் அவள் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்திருந்தன. பாதத் தடங்கள்தான். ஆனால் விரல் பதியவில்லை. முன்னாலும் குதிகால். பின்னாலும் குதிகால்.

அவள் ஓடவில்லை. இதை அழுத்திச் சொல்வாள். "ஓடினா விழுந்திருப்பேன்டி. தூண் தூணாப் பிடிச்சுத் திட்டிக்கிட்டே நடந்தேன். வாய் ஓயவே இல்லை. வாய் நின்னா கால் நின்னுடும்னு தோணுச்சு."

காவலாளியின் விசில் கேட்டபோது அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

அங்கே பெஞ்சில் எக்ஸ்பிரஸ். காய்ந்த சட்டை. ஒட்டு வலது தோளில். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. முன்னால் போய் முகத்தைப் பார்த்தாள். முகம் இருந்தது. வெளுத்துப்போய், கழுத்து விறைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா வந்ததுலேர்ந்து இப்படித்தான். தலையைத் திருப்பவே மாட்டேங்கறாரு."

எக்ஸ்பிரஸ் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். அவர் போனது கீழ்ப் பாதை. எல்லோரையும் தாண்டி, வழக்கம்போல முதல் ஆளாக. பாதி தூரத்தில் பின்னாலிருந்து குரல். 'ஏங்க...' அவர் நின்றாரா? நிற்கவில்லை. மறுபடியும். 'ஏங்க... நில்லுங்க...' குரல் கிட்டே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பிடரிக்குப் பக்கத்தில். காது மடலில் மூச்சு பட்டதாம். குளிர்ந்த மூச்சு.

"உன் குரல்தான். அதான் திரும்பலாம்னு நின்னேன். கைப்பிடி இல்லாத இடம். ஒரு காலைக்கூட எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"தூரத்துல யாரோ 'திரும்பாதே'ன்னு கத்தினாங்க. அதுவும் உன் குரல்தான். திட்டுற குரல். ரெண்டு குரல் எப்படி... அப்படியே நேரா நடந்து வந்துட்டேன். நாய் துரத்தறப்போ நடக்கற மாதிரி."

மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் நடுவில் அந்தப் பெரிய அருவி. பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காத இடம். அவள் கத்தியது அவருக்கு எப்படிக் கேட்டது? இன்றுவரை தெரியாது.

தையலக்காவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "இத்தனை வருஷமா நான் கூப்பிட்டுத் திரும்பாத ஆளு, அதுக்கு மட்டும் எப்படித் திரும்பப் பார்த்தீங்க?"

எக்ஸ்பிரஸ் கொஞ்சம் யோசித்தார். "அது அன்பாக் கூப்பிட்டுச்சு."

அந்த இடத்திலேயே அவரைத் தள்ளிவிட்டுவிடலாமா என்று இருந்ததாம். மகள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

காவலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்கே விழுந்து செத்தவங்களைத் தூக்கினது நான்தான்மா. கால் வழுக்கினா ஆளு முன்னாடி விழலாம், பக்கவாட்டில விழலாம். இங்கே அப்படி இல்லை. ஒருத்தர் விடாம மல்லாக்கத்தான் விழுந்திருக்காங்க. பின்னந்தலையில அடி. மூஞ்சியில ஒரு கீறல் இருக்காது. திரும்பறப்போ விழுந்தவங்க."

"எதுக்குத் திரும்பினாங்க?"

"கூட வந்தவங்க கூப்பிட்டாங்கன்னுதான் நாங்க முதல்ல நினைச்சோம். பொண்டாட்டி, புருஷன், அண்ணன்... ஒவ்வொருத்தரையும் விசாரிச்சோம். எல்லாரும் ஒரே பேச்சுதான்." அவர் விசிலைக் கையில் உருட்டினார். "நான் கூப்பிடவே இல்லையே, நான் கோபமா இருந்தேனே... அப்படின்னு."

தையலக்கா அவரையும் விடவில்லை. "தெரிஞ்சுக்கிட்டே டிக்கெட் கிழிக்கறீங்களா? போர்டுல எழுதி வைக்கறதுக்கு என்ன?"

"என்னன்னு எழுதறதும்மா?" என்றார் காவலாளி.

திரும்பும் வழியில் பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பிரிக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. அவர் அன்றைக்கு விட்டுவிட்டுப் போனது நிஜம். திரும்பாததால் உயிரோடு இருப்பதும் நிஜம். இப்போது திரும்பிப் பார்க்காததற்கு அவருக்கு நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. "திரும்பியிருந்தா நான் செத்திருப்பேன்ல?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வாராம். தெருவில் அதே நாலு அடி முன்னால். அதே முதுகு. அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முதலில் ஒட்டைத்தான் தேடினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெருவில் வெளிச்சம் இருந்தது. பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் ஒரு குரல்.

"ஏய்... நில்லு."

அவர் குரல்.

தையலக்கா நின்றாள்.

"நில்லு... நானும் வரேன்."

அவள் காது அதைக் கேட்கப் பதினெட்டு வருடம் காத்திருந்தது. கால் தானாகத் திரும்பப் பார்த்தது. பக்கத்து விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பந்துச் சத்தம் இல்லை. பையன்கள் வாயைத் திறந்து கத்துகிறார்கள், சத்தம் இல்லை. பிடரியில் பாசி வாடை.

"நானும் வரேன்... நில்லு..."

அவ்வளவு அன்பாக.

அவள் திரும்பவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே வீடுவரை நடந்தாள். கதவைத் திறந்தாள். எக்ஸ்பிரஸ் ஸ்டூலில் காலை நீட்டிப்போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதாம். மூன்று மணியிலிருந்தே வீட்டில்தான்.

அவள் டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை சொல்லுங்க. 'நில்லு, நானும் வரேன்'னு. சும்மா வாயால சொன்னாப் போதும்."

"எதுக்கு?" என்றார் அவர். "கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது."

அன்றைக்கு ராத்திரியே பெட்டியை எடுத்துவிட்டாள்.

இப்போது தம்பி வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். மகளும் கூட வந்துவிட்டாள். கடைக்கு அங்கிருந்துதான் வருகிறாள், போகிறாள். சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டதும் ஒரு நிமிடம் நின்று, தெருவை நேராகப் பார்த்து, பிறகு நடப்பாள். பின்னாலிருந்து நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். நான்தான் ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும்.

முந்தாநாள் நூல் கோக்கும்போது கேட்டேன். "இன்னும் கேட்குதாக்கா?"

"தினமும்."

"பயமா இல்லையா?"

"கோபம் இருக்கற வரைக்கும் திரும்ப மாட்டேன். அது ஆறிடுமோன்னுதான் பயம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா அவர் ஆற விட மாட்டாரு. அது தினமும் தெரு முழுக்கப் பின்னாடியே வந்து கூப்பிடுதுடி. இந்த மனுஷன் இன்னும் ஒரு போன்கூடப் பண்ணலை."